மருத்துவ ஆராய்ச்சியும் நோயாளி எனும் அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியமிக்க அல்லாஹ்வின் நல்லடியார்களே! மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களிடம் சில நேரம் டாக்டர் கேட்பார்: "ஒரு மருந்தை ஆய்வு செய்கிறோம், நீங்களும் சேருகிறீர்களா?" சிலர் பயந்து மறுத்துவிடுகிறார்கள். சிலர் என்ன ஏது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். அவன் வைத்திருக்கும் நிவாரணத்தை மனிதர்கள்தான் தேடிக் கண்டறிய வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்றார்கள். ஊரில் ஒருவர்கூட அதைச் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. ஆகவே ஆராய்ச்சி வேண்டுமா என்பதல்ல கேள்வி. எப்படி வேண்டும் என்பதே கேள்வி.

இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். பாக்தாதிலும் ரய் நகரிலும் மருத்துவமனைக்குத் தலைமை வகித்து, மாணவர்களுக்கும் கற்றுத்தந்தவர் அபூபக்ர் அர்ராஸி. 925ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தார். மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு நாளத்தைக் கீறி இரத்தம் எடுத்ததாகவும், இன்னொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டதாகவும் அவர் குறித்திருக்கிறார். எது பலன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே அப்படிச் செய்தார்.

அடுத்தது அமெரிக்காவின் டஸ்கிகீ. 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களை அரசுச் சுகாதாரத் துறை சிகிச்சையளிக்காமல் கவனித்துவந்தது. அவர்களிடம் உண்மை சொல்லப்படவில்லை. 1940களிலேயே பென்சிலின் அந்நோயைக் குணமாக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை.

இரண்டு இடத்திலும் ஒரு பிரிவினருக்குச் சிகிச்சை தரப்படவில்லை. அப்படியானால் வித்தியாசம் என்ன?

அர்ராஸி காலத்தில் இரத்தம் எடுப்பது பலன் தருமா என்பது உண்மையிலேயே சந்தேகத்தில் இருந்தது. இன்று எந்த டாக்டரும் அந்நோய்க்கு இரத்தம் எடுப்பதில்லை. எல்லோரும் நம்பிய வைத்தியத்தையும் சோதித்துத்தான் அறிய முடியும் என்பதற்கு அதுவே ஆதாரம். டஸ்கிகீயிலோ, குணமாக்கும் மருந்து கையில் இருந்தது. தெரிந்தே மறைத்தார்கள். உண்மையான சந்தேகம் இருக்கும்வரை அது ஆய்வு. பதில் தெரிந்த பிறகும் தொடர்ந்தால் அது அநீதி.

அதோடு முடியவில்லை. ஒருவருடைய பொருளை அவர் மனம் விரும்பித் தராமல் எடுப்பது நமக்கு ஹலால் இல்லை. பொருளுக்கே இந்த நிபந்தனை என்றால், அல்லாஹ் ஒப்படைத்த அமானிதமான உடலுக்கு அது இன்னும் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்! விளங்காமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. "மறுத்தால் டாக்டர் நம்மைச் சரியாகப் பார்க்க மாட்டாரோ" என்ற பயத்தில் போட்ட கையெழுத்தும் அப்படியே. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பலர் வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள். அவர்களின் தலையாட்டலை மனப்பூர்வமான சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர் அல்லாஹ்வுக்குப் பயப்படட்டும்.

சகோதரர்களே! ஆய்வுக்கு அழைத்தால் கேளுங்கள்: இது எதற்காக? என்ன தீங்கு வரலாம்? சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் இவற்றைக் கட்டாயமாக்குகின்றன. எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

விளங்கிய பிறகு, தீங்கு குறைவு என்று மனம் நிம்மதியடைந்தால், தயங்காமல் சேருங்கள். நாம் இன்று விழுங்கும் மாத்திரைகள், யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் உடலைக் கொடுத்ததால் கிடைத்தவை. ஓர் உயிரைக் காப்பதை மனித இனம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பிடுகிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். நிய்யத் சரியாக இருந்தால், உங்கள் ஒரு துளி இரத்தமும் மற்றவருக்குப் பயன் தருவதாகலாம். இன்ஷா அல்லாஹ் அதற்குக் கூலி உண்டு.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே! உங்கள் முன் கட்டிலில் கிடப்பவர் பாடப்புத்தகம் அல்ல. மறுமையில் உங்களைப் பற்றிப் பேசப்போகும் சாட்சி.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! மருத்துவர்களுக்கு நேர்மையையும், நமக்கு விளக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.