முன்னோர் தேடிய பொருள்

தாம் செய்த தவற்றிற்குத் தாமே பொறுப்பு என்பதை எவரும் மறுப்பதில்லை. தந்தையும் பாட்டனும் செய்த தவற்றின் பயனைத் துய்ப்பவர் அதற்குப் பொறுப்பாவாரா என்னும் வினா எழும்போதுதான் அறநூல் வல்லாரும் சற்றே தயங்குவர். பாட்டன் ஓர் ஏழை விதவையை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கிய நிலம் இன்று பேரன் பெயரில் பட்டாவாகி நிற்கிறது. பேரன் யாரையும் ஏமாற்றவில்லை, உழைத்துப் பயிரிடுகிறான், தீர்வையும் தவறாமல் செலுத்துகிறான். அவன்மீது குற்றம் உண்டா? காலங்கடந்த வழக்கென்று சட்டம் கதவை அடைத்துவிடும். மனச்சான்று அத்துணை எளிதில் அடைப்பதில்லை.

இவ்வினாவை ஏட்டில் ஆராய்ந்தோர் பலர். ஒரு பேரரசைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்வினால் விடை கூறியவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த உமையாக் குலத்துக் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ். நபிகள் நாயகத்தின் தோழரான கலீபா உமரினின்றும் வேறுபடுத்திக் காட்ட, இவரை இரண்டாம் உமர் என வரலாற்றாசிரியர் வழங்குவர்.

செல்வத்தில் பிறந்தவர்

இவருடைய தந்தை எகிப்தின் ஆளுநர். மனைவி பாத்திமா, கலீபா அப்துல் மலிக்கின் மகள். தாய்வழியில் இவர் முதலாம் உமரின் கொள்ளுப் பேரர். பாலில் நீர் கலக்கச் சொன்ன தாயிடம், "கலீபா காணாவிடினும் இறைவன் காண்கிறான்" என்று மறுத்துரைத்த ஏழைப் பெண்ணைத் தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார் முதலாம் உமர் என்றும், அப்பெண்ணின் வழியில் வந்தவரே இரண்டாம் உமர் என்றும் ஒரு மரபுக் கதை உண்டு.

எனினும் இளமையில் இவர் எளிமையை விரும்பியவர் அல்லர். விலையுயர்ந்த ஆடையும் நறுமணமும் இவர்தம் அடையாளங்களாய் இருந்தன என்பர். 706 முதல் 712 வரை மதீனாவின் ஆளுநராய் இருந்தபோது, மார்க்க அறிஞர் பதின்மரைக் கொண்ட குழுவின் ஆலோசனை பெற்று ஆட்சி நடத்தினார். 717-இல் கலீபா சுலைமான் இறக்குந் தறுவாயில் முத்திரையிட்டு வைத்த மடலில் இவர் பெயர் இருந்தது. அரியணை தேடி வந்தது. அதனோடு, முன்னோர் சேர்த்து வைத்த பழியும் சேர்ந்தே வந்தது.

தம் வீட்டில் தொடங்கிய நீதி

உமையாக் குலத்தார் பலர் பொதுச் சொத்தையும் பிறர் நிலத்தையும் தம் உடைமையாக்கிக் கொண்டிருந்தனர். இவற்றை மீட்கத் துணிந்த உமர், முதலில் தம் கையிலிருந்த நிலங்களையே துறந்தார். பதக் என்னும் பேரீச்சந் தோட்டம் அவற்றுள் ஒன்று. நபிகள் நாயகம் காலத்தில் அது எவ்வகையில் பயன்பட்டதோ, அந்நிலைக்கே அதனைத் திருப்பினார். மனைவியின் அணிகலன்களையும் பைத்துல்மால் எனப்படும் பொதுக் கருவூலத்திற்கு அனுப்பும்படி கேட்டார், அவ்வம்மையாரும் இசைந்தார்.

உறவினர் சினந்தனர். "முந்தைய கலீபாக்கள் கொடுத்ததை நீர் ஏன் கிளறுகிறீர்? நடந்தது நடந்ததாக இருக்கட்டும்" என்பது அவர்தம் வாதம். இதனை வெறும் பேராசைக் குரலென்று தள்ளிவிட இயலாது. பழைய கணக்கெல்லாம் புரட்டப்படுமாயின் எவருடைய உடைமைக்குத்தான் உறுதி உண்டு என்னும் அச்சமும் அதில் அடங்கியுள்ளது.

உமர் கூறிய விடையைப் பழைய நூல்கள் பதிந்து வைத்துள்ளன. ஒரே பொருள் குறித்து முஆவியா அளித்த பத்திரமும் பின்வந்த அப்துல் மலிக் அளித்த பத்திரமும் இருப்பின் எது செல்லும் என்று கேட்டாராம். முந்தியதே செல்லும் என்றனர். அவ்விரண்டிற்கும் முந்தியது இறைவனின் வேதமன்றோ என்றார் உமர். உரிமைப் பத்திரத்தைக் கொண்டே உரிமையை மறுத்த அவ்விடையின் நுட்பம் எண்ணத்தக்கது. பழைமையே ஒரு பொருளுக்கு உரிமை தருமாயின், பறிகொடுத்தவனின் உரிமை அதனினும் பழைமையானதன்றோ?

மனுநீதிச் சோழன் கதையில் மன்னன் தன் மகன் செய்த பழிக்கு ஈடு செய்கிறான். இங்கோ முன்னோர் செய்த பழிக்குப் பின்வந்தவர் ஈடு செய்கிறார். முன்னதைக் காட்டிலும் பின்னதே அரிது. ஏனெனில் இங்குக் கண்ணெதிரே நிகழ்ந்த குற்றமில்லை. பழகிப்போன வசதியே உள்ளது.

இன்று குடியிருப்போர் என் செய்வர்?

பறிக்கப்பட்ட இடத்தில் இன்று வேறொருவர் வாழ்கின்றார் எனில் என் செய்வது? டமாஸ்கஸ் நகரில் கலீபா அல்வலீத் யோவான் தேவாலயத்தை எடுத்துப் பெரிய பள்ளிவாசலாக்கினார். கிறித்தவர்கள் உமரிடம் முறையிட்டனர். திருப்பித் தருவதற்கே அவர் முற்பட்டார். தொழுது பழகிய இடத்தை இழக்க முஸ்லிம்கள் வருந்தினர். முடிவில், நகர்ப்புறத்தில் பறிக்கப்பட்டிருந்த தேவாலயங்களைக் கிறித்தவர்க்கு மீட்டளிப்பதென இருசாராரும் உடன்பட்டனர்.

712-இல் குதைபா என்னும் தளபதி சமர்கந்தைக் கைப்பற்றியது முறையற்றதென அந்நகரத்தார் முறையிட்டபோது, உமர் அவ்வழக்கை நீதிபதி ஒருவர் விசாரிக்கச் செய்தார். அரபுப் படை நகரை விட்டு வெளியேறி, இருதிறத்தாரும் மீண்டும் சமநிலையில் நிற்கவேண்டும் என்பது தீர்ப்பு. வென்ற அரசின் நீதிபதியே அவ்வெற்றிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்! நகரத்தாரோ புதிய போரை அஞ்சினர். இத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்துவிட்டோம், உள்ளபடியே இருக்கட்டும் என்று அமைந்தனர்.

இவ்விரு வழக்குகளிலும் பழைய நிலை முழுமையாய்த் திரும்பவில்லை. எனினும் எவ்வகை ஈடு போதுமென்னும் முடிவு, பறித்தவரின் கையில் மட்டும் இல்லாமல் பறிகொடுத்தவரின் இசைவையும் வேண்டி நின்றது. 'பழையதை மறந்துவிடு' என்று சொல்லும் உரிமை இழந்தவனுக்கே உண்டு, எடுத்தவனுக்கு இல்லை.

நீதியும் நிதானமும்

புதிதாய் இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் பல ஆளுநர் ஜிஸ்யா வரியை வசூலித்து வந்தனர். உமர் அதனைத் தடுத்தார். கருவூலம் குறைகிறதென்று முறையிட்ட ஆளுநருக்கு, நபிகள் நாயகம் வழிகாட்டவே அனுப்பப்பட்டார், வரி தண்டுவதற்கன்று என விடையிறுத்ததாகக் கூறுவர். குறாசானில் அரபியர் அல்லாத முஸ்லிம் வீரர் 20,000 பேர் ஊதியமின்றிப் போரிடுகின்றனர் என்ற முறையீட்டிற்கும் செவிசாய்த்தார்.

இவருடைய மகன் அப்துல் மலிக், இன்னும் விரைந்து செயற்படலாகாதா என்று தந்தையை வற்புறுத்தினாராம். உண்மை முழுவதையும் மக்கள்மீது ஒருசேரச் சுமத்தினால், அவர்கள் அதனை ஒருசேர உதறிவிடுவர் என அஞ்சுவதாகத் தந்தை கூறினாராம். தம் உடைமையைத் துறப்பதில் விரைவு, பிறரைத் திருத்துவதில் நிதானம் என்பதே இவர்தம் நெறி எனலாம். நம்முள் பலர் இதனைத் தலைகீழாய்க் கடைப்பிடிக்கிறோம்!

இவரைக் குறையற்றவராகக் காட்டுவது நோக்கமன்று. பிற சமயத்தாரின் உடை, அரசுப் பணி ஆகியவற்றில் இவர் கட்டுப்பாடுகள் விதித்தாரென்றும் நூல்கள் கூறும். இவர்தம் நீதிக்கும் அக்காலத்தின் வரம்பு உண்டு. ஆட்சியும் இரண்டரை ஆண்டிற்குள் முடிந்தது. 720-இல், நாற்பது அகவையை எட்டுமுன்னரோ எட்டிய அளவிலோ, மறைந்தார். அடுத்து வந்த இரண்டாம் யஸீத் இவருடைய சீர்திருத்தங்கள் பலவற்றைக் கைவிட்டார்.

அங்ஙனமாயின் அத்துறவு வீணா? இரண்டாம் யஸீத், பாத்திமாவின் உடன்பிறந்தவர். கருவூலத்திலிருந்த அணிகலன்களை அவர் தமக்கையிடமே திருப்பித் தர முன்வந்தபோது, கணவர் வாழ்ந்தபோது அவர் சொற்படி நடந்துவிட்டு, மறைந்தபின் மாறுவேனோ என்று அம்மையார் மறுத்துவிட்டாராம். 750-இல் உமையாக்களை வீழ்த்திய அப்பாசியர் அக்குலத்துக் கலீபாக்களின் கல்லறைகளைத் தோண்டியபோது, இவருடைய கல்லறையை மட்டும் தீண்டாது விட்டனர் என்பர். ஆணைகள் அழிந்தன, அவற்றின் நேர்மையைப் பகைவரும் அறிந்திருந்தனர்.

பிழைப்பு நாடி நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கும் பிறந்த ஊரில் பாகமுண்டு, பத்திரமுண்டு. அவற்றுள் எவையேனும் எவருடைய கண்ணீராலேனும் நனைந்தவையா என்று நாம் கேட்பதில்லை. கேட்க நேரும்போது, "அது பாட்டன் காலத்துக் கதை" என்கிறோம். பாட்டன் செய்த குற்றம் பேரனுடையதன்று என்பது மெய்யே. ஆயினும் அதனை அறிந்த நாளுக்கு மறுநாளும் அப்பொருளை அவன் வாய் திறவாமல் வைத்துக்கொண்டிருப்பானாயின், அன்றுமுதல் அக்குற்றம் அவனுடையதே. இதுவே இரண்டாம் உமர் தம் வாழ்வினால் அளித்த விடை.