பந்தலில் போட்ட சேர்

 

தைப்பூசத்துக்கு திண்டுக்கல் - பழனி ரோட்டுல வருஷா வருஷம் நண்பர்கள் சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுறோம். மோர், சுக்குக் காபி, கால் வலிக்குத் தைலம், கொஞ்ச நேரம் உக்கார சேர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சேர் வாங்குற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. கடையில ரெண்டு ரகம். ஒண்ணு 650 ரூபாய், இன்னொண்ணு 320. அதே சிவப்பு, அதே டிசைன். கையில இருந்தது 10,000. பதினஞ்சு வாங்குறதா, முப்பது வாங்குறதா? முப்பது வாங்கினேன். முதுகுப் பக்கம் "உபயம்"னு போட்டு எங்க குழு பேரையும் பெயிண்ட்ல எழுதினோம். அந்த வருஷம் எல்லாரும் பாராட்டினாங்க. பூசம் முடிஞ்சதும் சேரெல்லாம் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிடுச்சு.

அடுத்த பூசம். மதுரைப் பக்கத்துல இருந்து நடந்தே வந்த ஒரு பாட்டி, காலெல்லாம் கொப்புளம், மோரை வாங்கிட்டு உக்காந்தாங்க. பின்னங்கால் ரெண்டும் அகண்டு, ஒண்ணு பட்டுன்னு ஒடிஞ்சது. மல்லாக்க விழுந்தாங்க. கையை ஊணினதுல மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஓடிப்போய் தூக்கினேன். அவங்க சொன்னது: "மன்னிச்சுக்க சாமி, உன் சேரை ஒடச்சுட்டேன்."

திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

நான் இப்ப கோடு அடிக்கிறவன்தான், ஆனா படிச்சது மெக்கானிக்கல். எனக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாது. இது பாலிப்ரொப்பிலீன். சுமார் 220 டிகிரியில உருக்கி, அச்சுக்குள்ள அழுத்தி ஒரே வார்ப்பா எடுக்குறது. ஆணி இல்ல, மூட்டு இல்ல. 1972ல பிரான்சுல ஆன்ரி மசோனே செஞ்ச சேர் ஒண்ணு வார்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. நல்ல யோசனைதான். விலையைக் குறைக்கணும்னா என்ன பண்ணுவாங்க? சுவரை மெலிசாக்குவாங்க, சுண்ணாம்புப் பொடியை அதிகமாக் கலப்பாங்க, வெயிலைத் தாங்க வைக்கிற மருந்தை விட்டுடுவாங்க. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிக்கிட்டே இருக்கும். நிறம் வெளுக்கும், தடவினா கையில மாவு மாதிரி ஒட்டும். அப்புறம் அது வளையாது, ஒடியும். சித்திரை வெயில் முழுக்க மொட்டை மாடியில கிடந்த சேர் அது. பூசத்தன்னிக்கு தூக்கி வந்தப்ப என் கையிலயும் மாவு ஒட்டுச்சு. பேன்ட்ல தொடச்சுக்கிட்டேன்.

இதைச் சொன்னா ஒரு நண்பன் கேக்குறான்: "மலிவான சேர் இல்லன்னா அந்தப் பாட்டி ரோட்டோரம் தரையிலதானேடா உக்காந்திருப்பாங்க?" அதுல நியாயம் இருக்கு. எங்க தாத்தா காலத்துல நாற்காலின்னா ஊர்ல பெரிய வீட்டுக்கு மட்டும்தான். அங்க யார் உக்காரலாம், யார் நிக்கணும்னு ஒரு கணக்கு இருந்தது. இந்த பிளாஸ்டிக் சேர்தான் டீக்கடையிலும் துக்க வீட்டிலும் எல்லாரையும் ஒரே உயரத்துல உக்கார வச்சது. அதனால மலிவை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

என்னை உறுத்துறது வேற. அன்னிக்குக் காலையில ஊர்ப் பெரியவர் ஒருத்தர் பந்தலைத் திறந்து வைக்க வந்தார். கொஞ்சம் கனமான உடம்பு. யாரும் சொல்லாமலே நான் ரெண்டு சேரை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டு அவரை உக்கார வச்சேன். கல்யாண மண்டபத்துல எல்லாரும் பண்றதுதான். அப்படின்னா ஒத்தைச் சேர் தாங்காதுன்னு என் கைக்குத் தெரிஞ்சிருக்கு. மாலை போட வேண்டியவர் வந்தப்ப அந்தக் கை தானா வேலை செஞ்சுது, நடந்து வந்த பாட்டிக்குச் செய்யல. அவ்வைக்கு முன்னாடி மாடு மேய்க்கிற பையனா வந்தவர் எந்த வேஷத்துலயும் வருவார்னு ஸ்டேட்டஸ் வைக்கிறதும் நாமதான்.

நல்ல எண்ணத்தோட குடுத்தேனே, போதாதா? எனக்கு நானே பல தடவை கேட்டுப் பார்த்தேன். என் எண்ணம் முப்பதுங்கிற நம்பர் மேல இருந்துச்சு. அதுல உக்காரப் போற உடம்பை நான் நினைச்சே பார்க்கல. பதினஞ்சு பேருக்கு நல்ல சேர், மத்தவங்களுக்கு ஒரு ஜமுக்காளம்னு யோசிச்சிருக்கலாம். ஜமுக்காளத்துல உக்காந்து யாரும் விழுந்ததில்ல.

இந்த வருஷம் அப்படித்தான் முடிவு பண்ணினோம். மிச்சம் 29 சேர் இருந்தது. "சும்மாதானே கிடக்கு, ஏதாவது கோயிலுக்குக் குடுத்துடலாம்"னு குழுவுல ஒருத்தர் மெசேஜ் போட்டார். பத்து பேர் அதுக்கு கும்பிடு போட்டாங்க. நான் வேணாம்னு சொல்லி, வண்டி பிடிச்சு காயலான் கடைக்குக் கொண்டு போனேன். எடை போட்டதும் கடைக்காரர், "இதுல ரெண்டு நல்லா இருக்கே தம்பி, கடையில போட்டுக்கவா?"ன்னு கேட்டார். அவர்கிட்டயே ரம்பம் வாங்கி, அந்த ரெண்டோட காலையும் அறுத்துக் குடுத்துட்டு வந்தேன்.

வேலும் மயிலும் துணை.