நிழல் விழாத முற்றம்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவு செய்ய வந்தபோது சுப்ரதா மித்ரா, இருபதை அப்போதுதான் தாண்டியிருந்த இளைஞர். அதுவரை சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. ழான் ரெனுவார் வங்காளத்தில் ‘தி ரிவர்’ படத்தை எடுத்தபோது ஓரமாக நின்று, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்படுகின்றன என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்ததுதான் அவர் பெற்ற பயிற்சி.

அடுத்து ராயின் ‘அபராஜிதோ’ (1956). கதையில் வரும் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அமைத்தார்கள். நிஜ முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து பரவலாக இறங்கும். அழுத்தமான நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தாலோ ஆளுக்கு இரண்டு மூன்று நிழல். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பிவிட்டார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானத்து வெளிச்சமாகவே முற்றத்தில் இறங்கியது. அது செட் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

கற்றுக்கொடுக்க ஆளில்லை, கருவி இல்லை என்று தயங்கி நிற்பவர்கள் முதலில் உற்றுப் பார்க்கப் பழகட்டும். இயற்கை எப்படி இயங்குகிறது என்று பொறுமையாகக் கவனித்தவருக்கு, அதை மீண்டும் உருவாக்கும் வழி கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.