மாளிகையும் சுரங்கமும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஸஸெக்ஸ் குன்றுகளின்மேல், அப்பார்க் என்று ஒரு மாளிகை இருக்கிறது. நான் அதை நேரில் பார்த்ததில்லை. படங்களிலும் வரைபடங்களிலும் பார்த்ததோடு சரி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் எவரும் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிட மாட்டார்கள். சிவந்த செங்கல், மூலைகளில் வெளிறிய கல், சரிந்த கூரை, நடுவில் ஒரு முக்கோண முகப்பு. அவ்வளவுதான். கோபுரமில்லை, கொத்தளமில்லை, 'என்னைப் பார்' என்ற கூச்சலில்லை. 1690-ஐ ஒட்டிக் கட்டிய வீடு அது. தண்ணீருக்கு வழியில்லாத உச்சியில் எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். கட்டிய பிரபுவின் தாய்வழிப் பாட்டனார் தண்ணீரை மேலேற்றும் இயந்திரத்தில் பெயரெடுத்தவர். பேரனுக்கு அந்த வித்தை கைகொடுத்தது என்று சொல்லுகிறார்கள்.

படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அத்தனை பெரிய வீட்டுக்குச் சமையலறை எங்கே? விறகு சுமப்பவன், பால் கொண்டுவருகிறவள், துணி உலர்த்துகிறவள் எல்லாம் எங்கே? வீட்டைச் சுற்றிப் பசும்புல் வெளி. சற்றுத் தள்ளி இரு பக்கமும் அழகான இரண்டு சிறு கட்டடங்கள். ஒன்று குதிரை லாயம். மற்றொன்றில்தான் அடுப்பு எரிந்தது. அங்கே கொதித்த சூப்பு இங்கே மேஜைக்கு வருவதற்குப் புல்வெளியில் பாதையே இல்லை. பாதை புல்லுக்கு அடியில் இருக்கிறது. சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள்! தட்டை ஏந்தியவர்கள் பூமிக்குள் நடந்து, மாளிகையின் நிலவறையில் ஏறி, பின்படிக்கட்டு வழியாகச் சாப்பாட்டறைக் கதவண்டை வந்து நிற்பார்கள். ஜன்னலோரம் நிற்கும் சீமாட்டிக்குக் குன்றும், கடல்வரை விரியும் வெளியும் தெரியும். தனக்குச் சோறு வரும் வழி மட்டும் தெரியாது.

நெருப்புக்கும் நாற்றத்துக்கும் பயந்து சமையலைத் தள்ளி வைத்தார்கள், இதில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். தள்ளி வைத்ததில் குற்றமில்லை. ஆனால் மழைக்கு மறைவாகக் கூரை போட்ட ஒரு நடைபாதை போதுமே, மண்ணைக் குடைந்திருக்க வேண்டாமே. சுரங்கம் மூக்குக்காகக் கட்டியதல்ல, கண்ணுக்காகக் கட்டியது.

அந்த நாட்டில் ஆதியிலிருந்தே இப்படி இல்லை என்பதுதான் விசித்திரம். கென்ட் மாவட்டத்துப் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் 1341-ஐ ஒட்டிக் கட்டிய பெரிய கூடம் ஒன்று இன்னும் இருக்கிறது. நடுவில் அடுப்பு, அதன் புகை கூரை வழியாகத்தான் போகவேண்டும். எஜமானர் மேடைமேல் உட்காருவார், வேலையாட்கள் கீழே பலகைகளில் உட்காருவார்கள். ஆனால் கூடம் ஒன்று, புகை எல்லார் கண்ணிலும் பட்டது. அந்த எஜமானர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் அந்தக் கூடத்திலேயே அடித்திருப்பார். ஆனால் தன்னிடம் ஆட்கள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. அதுதானே அவருடைய பெருமை!

பிறகு பிரபுக்கள் நாகரிகமானார்கள். முதலில் சாப்பாட்டுக்குத் தனி அறை வந்தது. 1650-களில் ரோஜர் பிராட் என்பவர் கோல்ஸ்ஹில் மாளிகையைக் கட்டும்போது வேலையாட்களுக்கென்று தனிப் பின்படிக்கட்டுகள் வைத்தார். கழிவு வாளியோடு இறங்குகிறவன் விருந்தாளியின் எதிரே வந்துவிடக் கூடாதல்லவா? (அந்த வீடு 1952-ல் தீயில் போய்விட்டது.) பிறகு கம்பியிழுக்கும் மணி வந்தது. ஆள் பக்கத்தில் காத்திருக்கவேண்டிய அவசியமும் போயிற்று. கடைசியில் சுரங்கம் வந்தது.

இதை வெறும் கர்வம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கர்வம் பிடித்தவன் ஆட்களைக் காட்டுவான். மறைக்கிறவன் மனத்தில் ஏதோ உறுத்துகிறது. பென்ஸ்ஹர்ஸ்ட் கூடத்துப் பிரபுவுக்கு உறுத்தவில்லை, அவன் பார்த்துக்கொண்டே தின்றான். அப்பார்க் பிரபுவால் அது முடியவில்லை. அப்படியானால் மனச்சாட்சி சற்று வளர்ந்திருக்கிறது என்றல்லவா சொல்லவேண்டும்? வளர்ந்த மனச்சாட்சி செய்த முதல் காரியம் கொத்தனைக் கூப்பிட்டுச் சுரங்கம் தோண்டச் சொன்னது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

அந்த வீட்டுக்கு ஸர் ஹாரி பெதர்ஸ்டன்ஹா என்பவர் எஜமானராக இருந்தார். உல்லாசத்தில் காலங்கழித்த பிரம்மசாரி. எழுபது கடந்த பின், பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணின் பாட்டைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். 'சம்மதமானால் இன்று விருந்துக்கு வரும் ஆட்டுத் தொடையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பு' என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அன்று மேஜைக்கு வந்த தொடையில் ஒரு துண்டு குறைந்திருந்ததாம்! கதை எவ்வளவு உண்மையோ, கல்யாணம் உண்மை. 1825-ல் நடந்தது. கிழவர் அவளைப் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1846-ல் சாகும்போது சொத்து முழுவதையும் அவள் பேரிலேயே எழுதி வைத்தார். இனி நானும் 'அவள்' என்று எழுதக் கூடாது, சீமாட்டி மேரி ஆன் அம்மையார்.

ஒரு நாவலாசிரியன் இந்த இடத்தில் என்ன எழுதுவான்? நானாயிருந்தால் அம்மையார் மறுநாளே சுரங்கத்தை மூடச் சொன்னதாக எழுதியிருப்பேன். வாசகர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். உண்மையில் நடந்தது வேறு. கீழே இருக்கும் வாழ்க்கையை நேரில் அறிந்திருந்த அந்த அம்மையார் வீட்டில் எதையும் மாற்றவில்லை. அவருக்குப் பின் வீட்டைப் பெற்ற தங்கையும் மாற்றவில்லை. ஸர் ஹாரி காலத்தில் எப்படியோ அப்படியே எல்லாம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நான் அவர்களைக் கடிந்துகொள்ளத் தயாரில்லை. ஊரிலிருந்த பெரிய மனிதர்கள் அந்தச் சகோதரிகளைச் சமமாகவா நடத்தியிருப்பார்கள்? புதிதாக மேலே வந்தவர்களுக்குப் படிக்கட்டில் கைவைக்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஆள் மாறினால் வீடு மாறிவிடும் என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு அப்பார்க் இடம் தரவில்லை.

1954-ல் வீடு தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 1989 ஆகஸ்டு 30-ஆம் தேதி, கூரையில் ஈயத்தகடு பற்றவைக்கும் வேலை நடந்தபோது தீப்பிடித்து, கூரையும் மேல்தளமும் இடிந்து விழுந்தன. குடும்பத்தினர், ஊழியர், தீயணைப்பு வீரர் எல்லாரும் கைக்குக் கை மாற்றிக் கீழ்த்தளத்து ஓவியங்களையும் நாற்காலிகளையும் வெளியே சேர்த்துவிட்டார்கள். இடிபாட்டை ஆயிரக்கணக்கான தொட்டிகளில் வாரிச் சலித்து, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார்கள். சுண்ணச்சாந்தில் கையாலேயே பூவேலை செய்யும் கலையைத் தொழிலாளர்கள் மறுபடி கற்றார்கள். தீப்பிடிப்பதற்கு முதல் நாள் எப்படியிருந்ததோ அப்படி என்பது ஏற்பாடு. வெயிலில் மங்கிப்போன சுவர்க்காகிதத்துக்கு மங்கிய நிறத்தையே மீண்டும் கொடுத்தார்கள். 1995-ல் வீடு திறந்தது.

வேலைக்காரர்களை மண்ணுக்கடியில் நடக்கவிட்ட வீட்டுக்கு இத்தனை பாடா என்று ஒரு நண்பர் கேட்டார். எரிந்தது எரிந்ததாகவே விட்டிருக்கலாம் என்பது அவர் கட்சி. அவருக்கு நான் பதில் சொல்வதைவிட, அந்த வீட்டை வெறுக்க என்னைவிட உரிமை உள்ள ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பது நல்லது.

எச். ஜி. வெல்ஸின் தாயார் ஸாரா அங்கே வீட்டு மேற்பார்வைக்காரியாக 1880-ல் சேர்ந்தார். அவர் இருப்பு நிலவறையில். மகன் துணிக்கடையில் வேலை பழகச் சகிக்காமல் பல மைல் நடந்து தாயாரிடம் வந்து நின்றதும் அங்கேதான். பின்படிக்கட்டு வழியாக ஏறி வீட்டுப் புத்தகங்களை எடுத்துப் படித்தவர் அவர். பிளேட்டோவை அங்கேதான் படித்தார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, இத்தகைய வீடுகளின் ஓய்விலிருந்துதான் விஞ்ஞானமும் சுதந்திரச் சிந்தனையும் பிறந்தன என்று தாராளமாக ஒப்புக்கொண்டார். நிலவறையிலிருந்து வந்தவர் சொன்ன சாட்சி அது. வீட்டை இடிக்கச் சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் அவர் மற்றொன்றும் எழுதினார். கல்லூரி நாட்களில் 'கால யந்திரம்' படித்தபோது அது வெறும் கற்பனை என்று நினைத்திருந்தேன். மேலே வெயிலில் அழகான, மெலிந்த, ஒன்றும் செய்யத் தெரியாத ஒரு ஜாதி. கீழே இருட்டில் யந்திரங்களை ஓட்டிக்கொண்டு மற்றொரு ஜாதி. இரண்டையும் இணைப்பவை தரையில் கிணறுபோல் வாய் திறந்திருக்கும் காற்றுக் குழிகள். அப்பார்க் சுரங்கத்துக்கும் வெளிச்சமும் காற்றும் மேலிருந்து குழிகள் வழியாகத்தான் இறங்குகின்றன. வெல்ஸுக்கு அந்த எண்ணம் அங்கே பிறந்தது என்று சொல்லுவோர் பலர்.

1893-ல் ஸாரா அம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வயதாகி, காது மந்தமாகிவிட்டது. 1895-ல் நாவல் வெளிவந்தது. அதில் கீழே இருப்பவர்கள் இருட்டிய பிறகு அந்தக் குழிகள் வழியாக மேலே ஏறி வருகிறார்கள், சாப்பிட.