தோனோவுக்குப் புறப்படுமுன்

யப்பானின் வடகிழக்கிலுள்ள இவாத்தே மாகாணத்துக்கு வரும் ஒகஸ்ட் விடுமுறையில் சென்றுவருவதென, எம்மோடு கற்பிக்கும் நண்பரொருவரும் நாமும் தீர்மானித்திருக்கிறோம். அங்குள்ள தோனோ என்னும் பள்ளத்தாக்கே எமது இலக்கு. பிரயாணத் திட்டம் வகுக்க அமர்ந்த முதல் மாலையிலேயே விவாதம் மூண்டுவிட்டது. பழைமை மாறாத கிராமம் என்பது இத்தகைய ஊர்களுக்கு வழிகாட்டி நூல்கள் வழங்கும் வழக்கமான புகழுரை. நண்பருக்கு அது இனித்தது; எமக்கு உறுத்தியது.

மலைநாட்டிலே கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம்பிடித்து, 'என்ன அழகு' என வியக்கும் வெளிநாட்டாரை நாம் குறைகூறியதுண்டு. கூடையைக் கண்டவர் லயத்தைக் காணவில்லையே என்பது எமது முறைப்பாடு. இப்பொழுது பார்க்கப் போகிறவர்கள் நாமல்லவா?

தோனோவிலே 'மகரியா' எனப்படும் பழைய வீடுகள் சில பேணப்பட்டுள்ளன. எமது டகரத்தைப் போல மடிந்த வடிவம். ஒருபுறம் மனிதர், மறுபுறம் குதிரை. மனிதனுக்கும் விலங்குக்குமிடையே இருந்த அன்பின் சின்னமென இதனைப் போற்றுவர். அன்பும் இருந்திருக்கும். ஆயினும், குதிரைதான் அக்குடும்பத்தின் மூலதனம். பனிக்காலத்தில் அது மடிந்தால் குடும்பத்தின் பிழைப்பும் மடிந்தது. அடுப்பின் சூடு தொழுவத்தையும் எட்டவேண்டியிருந்தது.

ஊருக்கு அணித்தாக டென்டெரானோ என்றொரு மேட்டுநிலம் உண்டு. அறுபது வயது கடந்தோரை அங்கே விட்டுவிடுவது முன்னாளைய வழக்கமென்று 'தோனோ மொனோகத்தாரி' என்னும் கதைத்தொகுதி கூறுகிறது. விடப்பட்ட முதியோர் உடனே இறந்துவிடுவதில்லை. பகலில் இறங்கிவந்து வயலில் வேலைசெய்து, கிடைத்ததை உண்டு, மாலையில் மேட்டுக்குத் திரும்புவராம். இதை விநோத வழக்கமென வாசிக்க எம்மால் இயலவில்லை. ஒரு வீட்டுக் களஞ்சியத்தில் எத்தனை வாய்க்கு அரிசி உண்டு என்ற கணக்கு இது. 1755ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டோரின் நினைவாகத் துறவியொருவர் பாறைகளிலே செதுக்கிய புத்த சீடர்களின் உருவங்கள் இன்றும் பாசி படர்ந்து அவ்வூர்க் காட்டில் இருக்கின்றன. கோடையிலும் கடலிலிருந்து குளிர்காற்று வீசி நெல்லைப் பதராக்கியது இயற்கை. விளைந்த நெல்லில் பெரும்பங்கைப் பிரபுவின் களஞ்சியத்துக்கு ஏற்றியது மனிதர் செய்த ஏற்பாடு. 1847இல் கரையோர விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு, புதிய வரிகளை எதிர்த்து இதே தோனோவுக்குத்தான் வந்து சேர்ந்தனர். பேய்க்கதைகளுக்குப் பெயர்போன ஊருக்கு இதுவும் ஒரு கதை.

அக்கதைத்தொகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910இல் 350 பிரதிகளாக அதை வெளியிட்டவர் யனாகித்தா குனியோ என்னும் அரசாங்க அதிகாரி. கதைகளை அவருக்குச் சொன்னவர் தோனோவைச் சேர்ந்த சசாக்கி கிசென். எழுதியவர் நாட்டாரியலின் தந்தையெனப் புகழ்பெற்றார். சொன்னவரோ பின்னாளில் தம் கிராமத்துக்குத் தலைவராயிருந்து, கடன்பட்டு, ஊரைவிட்டு வெளியேறி, 1933இல் இறந்தார். இதற்கு யனாகித்தாவை நாம் பழிக்கவில்லை. அவர் எழுதியிராவிடில் நாமும் தோனோவை அறிந்திரோம். எனினும் பார்க்க வந்தவனுக்கும் பார்க்கப்பட்டவனுக்கும் கிடைத்த கூலி வேறு வேறு.

இத்தனையும் கேட்ட நண்பர் சினந்தார். "அப்படியானால் போகாமலே இருந்துவிடுவோம். அங்குள்ளவர்கள் பிரயாணிகளை விரும்பி அழைக்கிறார்கள், விடுதி நடத்துகிறார்கள். உமது மனச்சாட்சியை வைத்து அவர்கள் உலை ஏற்ற முடியுமா?"

இதற்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை. 1950களிலும் 1960களிலும், இடைநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளை வடகிழக்குக் கிராமங்களிலிருந்து சிறப்புப் புகையிரதங்கள் ரோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு ஏற்றிச் சென்றன. 'பொன்முட்டைகள்' என்று அவர்களுக்குப் பெயர். எமது பத்தாந்தர வகுப்பு முழுவதும் ஒரே காலையில் வண்டியேறுவதை எண்ணிப் பார்த்தோம். அவர்கள் விட்டுச் சென்ற ஊர்களின் அமைதியைத்தான் இன்று பயணிகள் தேடிச் செல்கின்றனர். அவ்வமைதிக்குள் எஞ்சியிருப்போருக்கு வருவாய் வேண்டும் என்பதும் மெய்யே.

தோனோவுக்கு மேற்கே ஹனமாக்கியில் பிறந்த மியாசவா கென்ஜியை இவ்விடத்து நினைத்தோம். அவர் தந்தையார் ஈடு பிடிக்கும் கடை நடத்தியவர். வறிய விவசாயிகளின் உடைமைகள் அக்கடைக்கு வந்தன. மகன் அந்தச் செல்வத்துக்கு நாணினார். விவசாயப் பள்ளியில் ஆசிரியரானார். 1926இல் அப்பதவியையும் துறந்து மண்வெட்டி எடுத்தார். கூலி வாங்காது உழவருக்கு உரக்கணக்குப் போட்டுக்கொடுத்தார். உழவரிற் சிலர் அவரைப் பணக்கார வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தனர். உடல்நலம் கெட்டு, 37 வயதில், அதே 1933இல் மறைந்தார். வாழ்நாளையே கொடுத்தவருக்கு இந்நிலையெனில், நான்கு நாள் தங்கப்போகும் எமக்கு எந்த உறவை உரிமை கொண்டாட இயலும்?

மாலை இரவாயிற்று. ஹனமாக்கியிலிருந்து கடற்கரைக் கமாயிஷி வரை செல்லும் மெதுவான புகையிரதத்தில் தோனோவில் இறங்குவது, விவசாயி வீடொன்றில் தங்குவது என்பவற்றில் உடன்பாடு கண்டோம். கமெரா விடயத்தில் காணவில்லை. நண்பர் அதைக் கொண்டுவருவதாகவே இருக்கிறார். முதல் நாட் காலையில் டென்டெரானோ மேட்டுக்கு நடந்துபோய், அந்த முதியோர் வேலைக்கு இறங்கிய திசையில் இறங்கிவருவோம் என்றார் அவர். அதற்கு நாமும் இசைந்தோம்.