வீண் விரயமும் வாடகை விமானமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகிறேன்.

 

அடியேன் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷம் படித்ததும் தவிர வேறு கல்வி எனக்கில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கைக் கொண்டே ஒரு விஷயத்தைத் தங்கள் முன் வைக்கிறேன். பிழையிருப்பின் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் என் கடை வாசலில் கைத்தொலைபேசி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செல்வர் தமக்கென்று தனியாக ஓர் ஆகாய விமானத்தை வாடகைக்கு அமர்த்தி, லண்டன் மாநகரிலிருந்து தென் பிரான்சிலுள்ள நீஸ் நகருக்குப் போகும் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்பதில்லை, பெட்டி தூக்குவதில்லை, மோட்டார் வண்டி விமானத்தின் படிக்கட்டு வரை போகிறது. "இப்படி ஒரு நாள் வாழ்ந்தால் போதும்" என்று ஒரு பிள்ளை பெருமூச்சு விட்டான். இன்னொருவன் என் பக்கம் திரும்பி, "மாமா, இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டான். சரி, பார்ப்போம் என்று எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்.

ஐரோப்பாவில் நான்கைந்து பேர் அமரும் சிறிய விமானத்துக்கு, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் யூரோ வரை வாடகை கேட்கிறார்கள். பெரிய விமானமானால் மணிக்கு ஏழாயிரம், பத்தாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். அதோடு முடிந்துவிடவில்லை. இறங்கும் கட்டணம், நிறுத்தி வைக்கும் கட்டணம், விமானிகள் இரவு தங்கினால் அவர்கள் செலவு, குளிர்காலத்தில் இறக்கையிலுள்ள பனியை நீக்கும் செலவு, அரசாங்க வரி ஆகிய எல்லாம் வாடகைக்காரர் தலையில்தான் விழும். பிரான்சு அரசாங்கம் 2025ஆம் ஆண்டு இத்தகைய பிரயாணிகள் மீது வரியை மிகவும் உயர்த்திவிட்டது. லண்டனிலிருந்து நீஸுக்கு இரண்டு மணி நேரந்தான். ஆனால் எல்லாம் கூட்டினால் ஒரு தடவை போவதற்கு மட்டும் ஏறக்குறைய பத்தாயிரம் யூரோ வந்து நிற்கிறது. ஒரு யூரோவை ஐந்து வெள்ளி என்று வைத்தால் ஐம்பதாயிரம் வெள்ளி!

அதே ஊர்களுக்கிடையே பொதுஜன விமானத்தில் நூறு யூரோவுக்கு டிக்கெட்டு வாங்கலாம். ஆக, நூறு பேர் போகக்கூடிய பணத்தில் நாலு பேர் போகிறார்கள். ஒரு கிலோ சீனியில் எனக்குப் பத்துக் காசு மிஞ்சினால் ஐம்பதாயிரம் வெள்ளி சேர்க்க ஐந்து இலட்சம் கிலோ சீனி விற்க வேண்டும். என் ஆயுளில் நான் விற்று முடிக்க முடியாத சீனி அந்த இரண்டு மணி நேரத்தில் கரைந்து போகிறது.

இந்த வாடகையிலே ஓர் இரகசியம் உண்டு. இங்கிருந்து புலாவ் இண்டா துறைமுகத்துக்குப் போகும் லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். திரும்பி வரச் சரக்கு இல்லையென்றால் காலி வண்டி வரும் எண்ணெய்ச் செலவையும் சரக்குக்காரர்தான் கொடுக்க வேண்டும். விமானமும் அப்படியே. அது வேறோர் ஊரிலிருந்து காலியாகப் பறந்து வந்து அவரை ஏற்றுகிறது. இறக்கி விட்டுக் காலியாகத் திரும்புகிறது. ஐரோப்பாவில் தனி விமானங்கள் பறக்கும் பத்துத் தடவையில் நாலு தடவை உள்ளே பிரயாணி ஒருவருமில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காலிப் பறப்பைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றுப் பார்க்கிறார்கள்; அப்படியும் பல வேளை ஆள் கிடைப்பதில்லை. ஆக, அவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தாம் அமராத ஆசனங்களுக்காகவே கொடுக்கப்படுகிறது. அதன் புகையோ எல்லோருக்கும் பொதுவான ஆகாயத்தில் கலக்கிறது. தனி விமானப் பிரயாணி ஒருவர் பொதுஜன விமானப் பிரயாணியைப் போல் ஐந்து முதல் பதினான்கு மடங்கு வரை காற்றைக் கெடுக்கிறார் என்று ஐரோப்பிய ஆய்வொன்று 2021ஆம் ஆண்டு கூறியது.

சகோதரர்களே! இதைக் கேட்டவுடன், "விமானத்தை அமர்த்துவதே ஹராம்" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஸுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹுத்தஆலா காற்றை வசப்படுத்திக் கொடுத்தான். ஒரு மாதப் பிரயாணத்தை அவர்கள் ஒரு காலைப் பொழுதில் கடந்தார்கள் என்பதை ஸபஃ அத்தியாயத்தில் ஓதுகிறோம். அந்த நபியோ ஓர் எறும்பின் பேச்சைக் கேட்டபோதும், நன்றி செலுத்த அருள் புரிவாயாக என்று ரப்பிடம் இறைஞ்சினார்கள். வேகமும் உயரமும் நிஃமத்துகள், அவற்றில் குற்றமில்லை.

நம் நாட்டிலே 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று தாபோங் ஹாஜி என்று விளங்கும் நிறுவனமும் ஹாஜிகளுக்காக விமானங்களை வாடகைக்கு அமர்த்தத்தான் செய்கிறது. ஆனால் அதில் முந்நூறு பேர் நெருங்கி உட்கார்ந்து தல்பியா சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஐரோப்பாவிலும் உயிருக்குப் போராடும் நோயாளியைத் தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. வாடகை அங்கேயும் ஆயிரக்கணக்கில்தான். அதை வீண் என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார். ஆகவே தொகை பெரியதா சிறியதா என்பதன்று கேள்வி.

அப்படியானால் எதுதான் வீண்? அளவுக்கு மிஞ்சுவதை இஸ்ராஃப் என்றும், கொடுக்கத் தகாத இடத்தில் கொட்டுவதைத் தப்தீர் என்றும் ஆலிம்கள் விளக்குவர். தப்தீர் செய்பவர்களைத் திருமறை பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் ஷைத்தான்களுக்கு உடன்பிறந்தோராகக் காட்டுகிறது. அந்த எச்சரிக்கைக்கு முன்னால் வரும் கட்டளை என்ன? உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோருக்கு அவரவர் ஹக்கைக் கொடுத்துவிடு என்பதே. முதலில் ஹக்கு, பிறகு விரயம். இந்த வரிசையை மதரஸாவில் எத்தனையோ தடவை ஓதியும் அடியேன் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்க வைத்தது வேறொரு சம்பவம். அதை முடிவில் சொல்கிறேன்.

வாசலில் பெருமூச்சு விட்ட பிள்ளைக்குக் காரூனின் கதையைச் சொன்னேன். காரூன் தன் அலங்காரங்களோடு ஜனங்கள் முன்னே புறப்பட்டபோது, அவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கலாகாதா என்று ஏங்கினார்கள் சிலர். அவனும் அவன் மாளிகையும் பூமிக்குள் அழுந்திய பிறகு, நேற்று ஏங்கிய அவர்களே, அல்லாஹ் நம்மைக் காப்பாற்றினான் என்று நடுங்கினார்கள். இதைக் கஸஸ் அத்தியாயத்தில் காணலாம்.

இது பழைய கதை என்று தள்ள வேண்டாம். நம் அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியிலிருந்து களவாடப்பட்ட பணத்தில், ஏறக்குறைய மூன்றரைக் கோடி அமெரிக்க டாலருக்குத் தனி விமானம் ஒன்று வாங்கப்பட்டதென்று அமெரிக்க நீதித்துறை 2016ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில் கூறிற்று. பிறகு அந்த வழக்குகளில் சேர்க்கப்பட்ட எக்குவானிமிட்டி என்ற உல்லாசக் கப்பல் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் பக்கத்துப் புலாவ் இண்டாவில்தான் வந்து கட்டப்பட்டது. இருபத்தைந்து கோடி டாலர் கப்பல் என்றார்கள். 2019இல் 12 கோடி 60 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் படங்களை வியந்து பார்த்த நாமே, அது யார் பணம் என்று தெரிந்தபோது வெட்கினோம். அந்தப் பணத்தில் நாட்டு ஜனங்கள் எல்லோருடைய ஹக்கும் இருந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது. ஆயினும் மறைத்து வைத்துக்கொண்டு பிறருக்கு நஸீஹத்துச் செய்ய மனம் ஒப்பவில்லை.

என் அத்தா ராஜுலா கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து, நாகப்பட்டினத்திலிருந்து அந்நாளைய போர்ட் சுவெட்டன்ஹாம் வந்து இறங்கியவர். அவருடைய பேத்தியின் நிக்காஹுக்குச் சென்ற வருஷம் நான் என்ன செய்தேன் தெரியுமா? மாப்பிள்ளை பள்ளிவாசலிலிருந்து மண்டபத்துக்கு வருவதற்காக, கோலாலம்பூரிலிருந்து வெள்ளை நிற ஆடம்பரக் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினேன். தூரம் மூன்று கிலோ மீட்டர். வாடகை 2,800 வெள்ளி. கார் காலியாக வந்து காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஜனங்கள் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். என் நெஞ்சு குளிர்ந்தது.

என் கடையில் இராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். சம்பளத்தில் ஒரு பகுதியை என்னிடமே அமானிதமாகச் சேர்த்து வைப்பார். நிக்காஹுக்கு எட்டு நாள் முன்பு அவர் கல்லாவின் அருகே வந்து நின்று, "மொதலாளி, அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசமாம். என் பணத்தில் மூவாயிரம் கொடுத்தால் நாளைக்கே ஊருக்குப் போய்விடுவேன்" என்றார். அந்தப் பணம் என் கையில் இல்லை. கல்யாணச் செலவில் கலந்து போயிருந்தது. "பத்து நாள் பொறு தம்பி, விசேஷம் முடியட்டும்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அரிசி மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

ஆறாம் நாள் அந்தத் தாய் மௌத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்றே ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டது. மகன் இங்கே என் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் யார் யாரிடமோ கைமாற்று வாங்கி மூவாயிரத்தையும் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இனிமேல் அவசரமில்லை மொதலாளி" என்று மட்டும் சொன்னார். நிக்காஹ் அன்று அந்த வெள்ளைக் கார் வந்து நின்றபோது, கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

அவரிடம் மாப்புக் கேட்டேன். மாப்புச் செய்ததாகச் சொன்னார். ஆனால் மறுமையில் செல்வத்தை எவ்வழியில் தேடினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று கேட்கப்படும் என நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் என்ன கணக்குக் காட்டுவேன்? ஐரோப்பியச் செல்வருடைய ஐம்பதாயிரம் அவருடைய சொந்தப் பணமாகவாவது இருக்கலாம். என்னுடைய 2,800 இன்னொருவருடைய ஹக்கு. வாசலில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த இரவு நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆகவே நம் ஜமாஅத்தார் முன் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். முதலாவது: நம்மிடம் வேலை செய்வோரின் சம்பளமோ அமானிதமோ இருந்தால், அதை நம் கல்லாவோடு கலவாமல் தனியே வைப்போமாக, கேட்ட அன்றே கொடுப்போமாக. இரண்டாவது: விசேஷம் வைக்குமுன் யாருக்கு என்ன பாக்கி என்று வீட்டாரோடு உட்கார்ந்து எழுதித் தீர்ப்போமாக. மூன்றாவது: பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்யும் வாடகைச் செலவை நிறுத்தி, அதில் ஒரு பகுதியைச் சங்கத்திடம் கொடுத்து, ஊரில் தாய் தந்தை நோயுற்ற தொழிலாளர்களின் பிரயாணச் செலவுக்கு ஒரு நிதி தொடங்குவோமாக. அந்த 2,800 வெள்ளிக்குச் சமமான தொகையை மாதம் இருநூறாகச் செலுத்த நான் நிய்யத்துச் செய்திருக்கிறேன்.

காலி ஆசனத்துக்குக் காசு கொடுப்பவர் ஐரோப்பாவில் மட்டும் இல்லை. ஹக்குடையவரைக் காக்க வைத்துவிட்டு, காலியாக வந்து காலியாகப் போகும் ஒன்றுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

யா அல்லாஹ்! நீ தந்த நிஃமத்துக்கு நன்றி செலுத்துவோராக எங்களை ஆக்கியருள்வாயாக. பிறருடைய ஹக்கைச் சுமந்த நிலையில் எங்களை மௌத்தாக்காதிருப்பாயாக. மகனைக் காணாமல் கண் மூடிய அந்தத் தாயின் கபுரை ஒளியாக்குவாயாக. ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.