திருப்பிக் கூப்பிட முடியாத பெயர்

மும்பையில் ஏறக்குறைய ஒவ்வொரு சமூகத்துக்கும் தெருவில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பார்சிக்காரர் ‘பாவா’. கோவாக் கிறிஸ்தவர் ‘மாக்காபாவ்’. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்த மராட்டியர் ‘காட்டி’. உத்தரப் பிரதேசத்தவரும் பீகாரிகளும் ‘பையா’. தென்னிந்தியாவில் பிறந்த எல்லாரும் ‘மதராசி’. ஆள் நல்ல மனநிலையில் இருந்தால் ‘அண்ணா’. இந்தப் பட்டியலைக் காட்டி, மும்பை சிரிக்கத் தெரிந்த ஊர் என்று பெருமைப்படுபவர்கள் இருக்கிறார்கள். லோக்கல் ரயிலின் வாசலிலும் தண்ணீர்க் குழாயடியிலும் நொடியில் கை ஓங்கும் ஊரும் இதுதான். கேலி நட்பின் அடையாளம், முன்கோபம் நெரிசலின் விளைவு என்று இரண்டையும் நாம் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறோம். எனக்கு அவை அப்படித் தனித்தனியாகத் தெரியவில்லை. பதிலுக்கு ஒரு பெயரை ஏற்றுக்கொள்ளாதவன் வைக்கும் பட்டப்பெயர், இன்னும் கைக்கு வராத கோபம். இந்த நகரத்துத் தமிழர்களின் அறுபது ஆண்டு வரலாறே இதற்குச் சான்று.

முதலில், பட்டப்பெயரே தீது என்று சொல்ல நான் வரவில்லை. தமிழனால் அப்படிச் சொல்லவும் முடியாது. சங்கப் புலவர்களில் சிலருக்குப் பெற்றோர் வைத்த பெயர் நமக்குத் தெரியாது. அணிலாடு முன்றிலார், செம்புலப் பெயனீரார் என்று அவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரையே பெயராக்கி இரண்டாயிரம் ஆண்டுகளாக அழைக்கிறோம். தமிழ்த் திரையில் காக்கா ராதாகிருஷ்ணன், தேங்காய் சீனிவாசன், என்னத்த கண்ணையா, ஓமக்குச்சி நரசிம்மன் என்று நீளும் வரிசையில் யாரும் அந்த முன்னொட்டைக் கழற்றி எறியவில்லை. படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அதோடுதான் வந்தார்கள். தென் மாவட்டத்து ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் அரிது. இந்தப் பெயர்களில் நஞ்சு ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வைத்தவரும் வாங்கியவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர்கள். வைத்தவருக்கும் மறுநாள் ஒன்று விழும். தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது எள்ளலை முதலில் வைக்கிறது. உரை எழுதிய பேராசிரியர் அந்த எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போதும் தான் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பாதியைத் துறந்த எள்ளல்தான் நம்மைத் தொல்லைப்படுத்துகிறது.

1960இல் மும்பையில் ‘மார்மிக்’ என்ற மராட்டிய வார இதழ் தொடங்கியது. நடத்தியவர் பால் தாக்கரே. ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்தவர், கோடுகளில் ஆள்களைச் சிரிக்க வைக்கும் கலை கைவந்தவர். அந்த இதழில் தென்னிந்தியர்களின் பேச்சு ‘யண்டுகுண்டு’ ஆனது. அவர்கள் உடை ‘லுங்கி’ ஆனது. அதே இதழில் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களும் வந்தன. 1966 ஜூனில் சிவசேனா பிறந்தது. லுங்கி, புங்கி என்று எதுகை வைத்த முழக்கம் தெருவுக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தென்னிந்திய உணவு விடுதிகள்மேல் கற்கள் விழுந்தன. கேலிச்சித்திரம், பட்டப்பெயர், பெயர்ப் பட்டியல், எதுகை முழக்கம், கல் என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆள்கள் சிரித்துக்கொண்டேதான் ஏறினார்கள். 1968இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த சங்கீத வாத்தியார் மாஸ்டர் பிள்ளையைப் பார்த்து நாடே சிரித்தது. படம் எடுத்தவர்களுக்கு யார்மீதும் பகை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் மாட்டுங்காவில் ஒரு தமிழ்க் குமாஸ்தா வாய் திறந்தால், அவர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்பே எப்படிச் சொல்கிறார் என்பதைக் கேட்டுச் சிரிக்கும் காது அன்றைக்கு ஊரெங்கும் தயாராகியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வேலைச் சண்டை. எழுத்தர், சுருக்கெழுத்தர் வேலைகளில் தென்னிந்தியர் நிறைந்திருந்தார்கள், மராட்டிய இளைஞர்கள் வாசலில் நின்றார்கள். கேலி வெறும் நுரை என்பார்கள். வேலைக்குறை உண்மைதான். அதைச் சொல்ல மராட்டியருக்கு உரிமையும் இருந்தது. ஆனால் வேலைக்குறையை விண்ணப்பமாகவும் ஊர்வலமாகவும் சட்டமன்றத் தீர்மானமாகவும் சொல்ல முடியும். இட்லிக் கடைமேல் கல்லாக அது மாறுவதற்கு முன், அந்தக் கடைக்காரர் ஒரு மனிதர் என்ற நினைப்பு கொஞ்சம் தேய வேண்டும். பட்டப்பெயர் செய்யும் வேலை அதுதான். பொருளாதாரம் கோபத்துக்குக் காரணம் தந்தது. யார்மேல் காட்டலாம் என்பதைக் கேலி சொல்லிக் கொடுத்தது. அதனால்தான் பெயரை மாற்றிய உடனே கோபமும் இடம் மாறியது. 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வெழுத மும்பைக்கு வந்த வட இந்திய இளைஞர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனா தொண்டர்கள் அடித்தபோது, ‘மதராசி’ இருந்த இடத்தில் ‘பையா’ நின்றிருந்தான். வேறெதுவும் மாறவில்லை.

முன்கோபத்தைப் பற்றி நாம் நம்பும் ஒரு கதை உண்டு: அது தானாக வரும், ஆளைப் பார்க்காது என்பது. அது ஆளை நன்றாகவே பார்க்கும். மேலாளரிடம் நாள் முழுக்கப் பொறுமை காத்தவர் மாலையில் ஓட்டல் பையனிடம் பொறுமை இழக்கிறார். வெகுளாமை அதிகாரத்தைத் திறந்ததுமே வள்ளுவர் தொடுவது இந்த இடத்தைத்தான்: கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குவதுதான் அடக்கம், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். கேலிக்கும் இதே கணக்குதான். பலிக்கும் இடத்தில்தான் அதுவும் பாயும். ஆகவே ஓயாமல் கேலி செய்பவரே தன்மேல் ஒரு சொல் விழுந்ததும் கொதிப்பது முரண் அல்ல. 2012 நவம்பரில் தாக்கரே மறைந்தபோது நகரம் ஏன் அடைபட வேண்டும் என்று பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். இன்னொருவர் அதை விரும்பினார். இருவரும் கைதானார்கள், ஒருவருடைய உறவினரின் மருத்துவமனை உடைக்கப்பட்டது. பிறரைக் கேலிச்சித்திரமாக்கி வளர்ந்த இயக்கத்தின் தொண்டர்களால் ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியதற்கு வழிவகுத்தது இந்தக் கைதுதான்.

‘கேலிக்கு ஆளானவரே சிரித்தாரே, உங்களுக்கு என்ன?’ என்பது அடுத்த மறுப்பு. சிரிப்பைச் சம்மதமாக எழுதிவிடக் கூடாது. மேசை துடைக்கும் பையனுக்கு வாடிக்கையாளர் வேண்டும். அலுவலகத்தில் ஒரே தமிழராக இருப்பவருக்கு மதிய உணவு மேசையில் ஓர் இடம் வேண்டும். அவர்கள் சிரிப்பது அந்த இடத்துக்குக் கட்டும் வாடகை. தோல் தடிக்கட்டும் என்று அறிவுரை சொல்பவர்களும் பெரும்பாலும் தோலுக்கு வேலையே இல்லாதவர்கள். பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. நகைக்கும்போதுகூட இகழ்ச்சி துன்பமே என்கிறார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது அவர் காலத்திலும் வழக்கத்தில் இருந்த சமாதானமாகத்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பிறர் நமக்குச் செய்தது என்று நிறுத்திக்கொண்டால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும், நேர்மையாக முடியாது. தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்தவர்களில் ஆதிதிராவிடர் ஏராளம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பிராமணர்கள் சபாக்களும் பள்ளிகளும் கோயில்களும் கட்டினார்கள். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இருவரும் மதராசிதான். உள்ளே ஒருவருக்கொருவர் வைத்த பெயர்களோ அச்சில் ஏற்ற முடியாதவை, அவையும் சமமாகப் பாய்ந்தவை அல்ல. சாதிப் பெயரைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. 2011இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சாதிப் பெயர் இன்று வசையாகவே பயன்படுகிறது என்று கடிந்து, இரட்டைக் குவளையையும் சேர்த்துக் கண்டித்தது. தமிழ்நாட்டில் இன்று கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வரும் பீகார் இளைஞனை ‘வடக்கன்’ என்று பானிபூரியோடு சேர்த்து நையாண்டி செய்பவர்கள், அவர்கள் தாத்தா மும்பையில் கேட்ட சொல்லை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அந்தத் தொழிலாளர்களில் பலர் அவற்றை நம்பி அஞ்சினார்கள். பொய்யைப் பரப்பியது அவர்கள் குற்றமல்ல. பொய்யை நம்பும் அளவுக்கு அவர்கள் மனத்தில் அச்சம் முன்பே இருந்தது. அதில் நம் நையாண்டிக்கும் பங்குண்டு.

இப்படி ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டால் சிரிப்பே செத்துவிடும் என்பது கடைசி மறுப்பு. எடை போட வேண்டியது சொல்லை அல்ல. ‘மதராசி’ ஒரு காலத்தில் வெறும் முகவரி. 1969 வரை மாநிலத்தின் பெயரே மதராஸ்தான். தாராவிச் சந்தில் கிரிக்கெட் ஆடும் தமிழ், மராட்டிய, பீகார்ப் பையன்கள் ஒருவனை ஒருவன் ‘அண்ணா’, ‘காட்டி’, ‘பையா’ என்று கூப்பிட்டால் யாரும் பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. அங்கே எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்க வாய் இருக்கிறது. அதே சொல்லை முதலாளி வேலைக்காரனிடமும், வீட்டுக்காரர் குடியிருப்பவரிடமும், ஆயிரம் பேர் ஒருவனிடமும் சொல்லும்போது அது வேறு காரியம். ஒருவருக்குப் பெயர் வைக்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இவர் இந்த இடத்திலேயே எனக்கு ஒரு பெயர் வைத்தால் நான் சிரிப்பேனா, அவருக்கு ஒரு கெடுதலும் வராதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள். இல்லையென்றால், அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லி அழையுங்கள்.